சாலையும் சக்கரமும் – 7: அளவும் எல்லையும்

ஜப்பானியக் கார் நிறுவனங்கள் ஒவ்வொரு மாடலுக்கும் இரண்டு நூல்களை அச்சிடுகின்றன. ஒன்று, வண்டி வாங்குபவரிடம் சாவியோடு சேர்த்துத் தரப்படும் சிறு புத்தகம். மற்றொன்று பட்டறைக்கானது. அது பல நூறு பக்கம் ஓடும், சில மாடல்களுக்கு ஆயிரம் பக்கத்தைத் தாண்டும். டொயோட்டா இதை ரிப்பேர் மேனுவல் என்கிறது. சுசூகியும் நிசானும் சர்வீஸ் மேனுவல் என்கின்றன. ஹோண்டா ஷாப் மேனுவல் என்றும், மஸ்தா ஒர்க்‌ஷாப் மேனுவல் என்றும் அட்டையில் அச்சிடுகின்றன. பெயர் எதுவானாலும் இந்த நூல் நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்கிறது. பாகத்தை எந்த வரிசையில் கழற்றுவது? கழற்றியபின் எதை அளப்பது? எந்த அளவுவரை தேய்ந்த பாகத்தை மீண்டும் போடலாம்? திரும்பப் பூட்டும்போது எவ்வளவு இறுக்குவது?

இந்த நூல்களின் கதையைத் தருமபுரி மாவட்டத்தில் நின்று பார்க்கக் காரணம் உண்டு. 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து உருவான இந்த மாவட்டம், 2004 பிப்ரவரி 9 வரை கிருஷ்ணகிரியையும் ஓசூரையும் தன்னுள் கொண்டிருந்தது. சுசூகியின் இருசக்கர வாகனத் தொழில் தமிழ்நாட்டில் வேரூன்றியது அந்த ஓசூரில்தான். பெங்களூருவையும் சேலத்தையும் இணைக்கும் நெடுஞ்சாலை மாவட்டத்தின் நடுவே செல்கிறது. முன்பு அதன் எண் 7, இப்போது 44. டொயோட்டாவின் இந்தியத் தொழிற்சாலை பெங்களூருவை அடுத்த பிடதியில் இருக்கிறது. ஜப்பானிய வண்டிகளின் ஒவ்வொரு தலைமுறையும் இந்தச் சாலையில் ஓடியது, பழுதானது, சாலையோரப் பட்டறைகளில் சரிசெய்யப்பட்டது.

அங்குல ஸ்பேனர்களின் காலம்

1980களின் தொடக்கம்வரை இம்மாவட்டப் பட்டறைகளுக்கு வந்த வண்டிகள் பெரும்பாலும் அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட், மகேந்திரா ஜீப் ஆகியவை. அம்பாசிடர் 1950களின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து வந்தது. அதன் போல்ட்டுகள் அங்குல அளவில் இருந்தன. அரை அங்குலம், ஒன்பதுக்குப் பதினாறு என்று ஸ்பேனர்கள் பெயர் பெற்றன. இத்தாலிய ஃபியட்டின் வழிவந்த பத்மினி மட்டும் மில்லிமீட்டர் ஸ்பேனர் கேட்டது.

அம்பாசிடர் இன்ஜினின் பிளாக்கும் ஹெட்டும் கனத்த வார்ப்பிரும்பால் ஆனவை. போல்ட்டைக் கொஞ்சம் அதிகமாக இறுக்கினாலும் பொறுத்துக்கொண்டன. கார்புரேட்டரைக் காதால் கேட்டுச் சரிசெய்ய முடிந்தது. பாயிண்ட் இடைவெளியைக் கண்மட்டத்தில் வைத்தாலும் வண்டி ஓடியது. இளம் வயதில் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர் சில ஆண்டுகளில் இந்த வித்தையைக் கையிலும் காதிலும் பழக்கிக்கொண்டார். மேனுவலைத் திறக்க வேண்டிய தேவை அரிதாகவே வந்தது. வண்டியின் வடிவமும் பல ஆண்டுகளுக்கு மாறாமல் இருந்ததால், ஒருமுறை கற்றது வாழ்நாள் முழுதும் போதுமாக இருந்தது.

ஜப்பானும் 1950களில் ஐரோப்பாவிடம்தான் பாடம் கற்றது. 1952இல் நிசான் பிரிட்டனின் ஆஸ்டினோடு ஒப்பந்தம் செய்தது. 1953இல் இசூசு ஹில்மன் கார்களையும், ஹினோ பிரான்சின் ரெனோ கார்களையும் உரிமம் பெற்று உருவாக்கத் தொடங்கின. உரிமத்தோடு வந்த வரைபடங்களையும் அளவுகளையும் அவர்கள் ஊன்றிப் படித்தார்கள், சில ஆண்டுகளிலேயே சொந்த வடிவங்களுக்கு நகர்ந்தார்கள். 1957இல் டொயோட்டா அமெரிக்கச் சந்தைக்குள் கால்வைத்தது. ஜப்பானிய வண்டியை முன்பின் பார்த்திராத தொலைதூர மெக்கானிக்குக்கும் நூல் புரிந்தாக வேண்டும். ஜப்பானிய மேனுவல்களில் சொற்கள் குறைந்து படங்கள் நிறைந்ததற்கு இந்த ஏற்றுமதித் தேவை முக்கியக் காரணம். ஒரு பாகம் கழன்று விரிந்து கிடக்கும் படம், ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் எண், போல்ட்டின் அருகிலேயே இறுக்க வேண்டிய அளவு என்ற அமைப்பு நிலைபெற்றது.

ஓசூருக்கு வந்த முதல் தலைமுறை

1982இல் சுசூகியும் டிவிஎஸ் குழுமமும் ஒப்பந்தம் செய்தன. 1984இல் ஓசூரிலிருந்து இண்ட்-சுசூகி என்ற 100 சிசி டூ-ஸ்ட்ரோக் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. பின்னர் டிவிஎஸ்-சுசூகி என்று பெயர் மாறிய அந்தக் கூட்டு 2001 வரை நீடித்தது. சமுராய், ஷோகன் முதலிய வண்டிகள் அதன் வழியே வந்தன. இவை கார்கள் இல்லைதான். ஆனாலும் சுசூகி தன் பட்டறை நூலை எழுதும் முறை இம்மாவட்டத்துக்கு அறிமுகமானது இவற்றின் வாயிலாகவே.

அந்த முறையில் எல்லாமே எண்ணால் அடையாளம் காணப்படுகின்றன. சுசூகியின் சர்வீஸ் மேனுவல் ஒவ்வொன்றுக்கும் 99500 என்று தொடங்கும் எண் உண்டு. சிறப்புக் கருவிகளின் எண்கள் 09 என்று தொடங்கும். டூ-ஸ்ட்ரோக் சிலிண்டரின் துளையைக் கடைந்து பெரிதாக்கும்போது பிஸ்டனுக்கும் சுவருக்கும் இடையே எத்தனை நூறில் ஒரு பங்கு மில்லிமீட்டர் இருக்கலாம் என்று நூல் திட்டமாகச் சொன்னது. லேத் பட்டறையில் மைக்ரோமீட்டரை எடுத்து அளந்தால்தான் அந்தச் சொல்லைக் காப்பாற்ற முடியும்.

மாருதியும் மில்லிமீட்டரும்

மாருதி உத்யோக் 1981இல் தொடங்கப்பட்டது. 1982 அக்டோபரில் சுசூகியோடு ஒப்பந்தம் கையெழுத்தானது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் மாருதி 800 காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி வழங்கினார். ஜப்பானில் ஆல்ட்டோ என்ற பெயரில் ஓடிய காரின் வடிவம் அது. 796 சிசி கொள்ளளவும் மூன்று சிலிண்டர்களும் கொண்ட எஃப்8பி இன்ஜின் அதில் இருந்தது. 1984இல் அதே இன்ஜினோடு ஆம்னி வேனும், 1985இல் ஜிப்சியும் வந்தன. 1986இல் 800இன் உடல் முழுவதும் மாறியது, இன்ஜின் மாறவில்லை. தலைமுறை என்பது பெயரை வைத்து அமைவதில்லை என்ற பாடத்தை இந்த மாற்றமே பட்டறைகளுக்குக் கற்றுத் தந்தது. கதவுக்கும் பம்பருக்கும் புதிய பக்கம் வேண்டும், ஹெட்டுக்கும் பிஸ்டனுக்கும் பழைய பக்கமே போதும். இப்படிப்பட்ட சமயங்களில் சுசூகி முழு நூலையும் மீண்டும் அச்சிடாமல், மாறிய பகுதிகளை மட்டும் இணைப்பு மேனுவலாக வெளியிடுவது வழக்கம். அடிப்படை நூலையும் இணைப்பையும் சேர்த்து வைத்துப் படிக்க வேண்டும்.

சுசூகி மேனுவலின் பிரிவுகள் ஒரே வரிசையில் வருகின்றன. பூஜ்யம் பொதுத் தகவலும் பராமரிப்பும். மூன்று ஸ்டியரிங், சஸ்பென்ஷன், சக்கரங்கள். ஐந்து பிரேக். ஆறு இன்ஜின், அதற்குள் இயந்திரப் பகுதி, குளிரூட்டல், எரிபொருள், இக்னிஷன் எனத் தனித்தனி எழுத்துகள். ஏழு கியர்பாக்ஸும் கிளட்சும். எட்டு மின்சாரம். ஒன்பது உடல். ஒரு மாடலின் நூலில் பழகியவர் அடுத்த மாடலின் நூலிலும் தேட வேண்டிய இடத்தை உடனே கண்டுபிடித்துவிடுவார். டொயோட்டா எண்களுக்குப் பதிலாக இரண்டெழுத்துச் சுருக்கங்களை வைத்தது. இஎம் என்றால் இன்ஜின், சிஓ என்றால் குளிரூட்டல், பிஆர் என்றால் பிரேக். மின்கம்பி வரைபடத்துக்கு டொயோட்டா தனி நூலே போட்டது.

ஸ்பேனர் பெட்டியும் மாறியது. ஜப்பானியத் தொழில்தரத்தின்படி எட்டு மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் தலை 12, பத்து மில்லிமீட்டர் போல்ட்டுக்குத் தலை 14. ஜெர்மானியத் தரத்தில் அவையே 13, 17 ஆக இருக்கும். ஆகவே ஜப்பானிய வண்டியின் பெரும்பகுதியை 8, 10, 12, 14, 17 என்ற சிறு வரிசையால் கழற்றிவிடலாம். கிராஸ் ஸ்க்ரூக்களின் தலையும் நுட்பமாக வேறுபடும். தலையில் சிறு புள்ளி குத்திய ஜப்பானிய ஸ்க்ரூவில் சாதாரண ஸ்க்ரூ டிரைவரைப் போட்டுத் திருகினால் பள்ளம் சிதைந்துவிடும். கார்புரேட்டர் மூடியைத் திறக்கப்போய் ஸ்க்ரூவை ட்ரில் செய்து எடுக்க வேண்டிய நிலை இதனால் வந்ததுண்டு.

ஸ்டாண்டர்ட், லிமிட்

இந்த நூல்களின் ஆகச் சிறந்த பகுதி அளவுப் பட்டியல். அதில் இரண்டு கட்டங்கள் அடுத்தடுத்து நிற்கும். ஸ்டாண்டர்ட் என்பது புதிய பாகத்தின் அளவு. லிமிட் என்பது அதைத் தாண்டினால் பாகத்தை மாற்றியே தீர வேண்டும் என்ற எல்லை. இரண்டுக்கும் இடையில் இருக்கும் பாகம் தேய்ந்திருந்தாலும் பயன்படுத்தத் தகுந்தது.

சிலிண்டர் ஹெட்டை எடுத்துக்கொண்டால் இது விளங்கும். எஃப்8பி இன்ஜினின் பிளாக் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். இரண்டு உலோகங்களும் சூட்டில் ஒரே அளவு விரிவதில்லை. வண்டி ஒருமுறை தண்ணீரின்றிக் கொதித்தாலும் ஹெட் வளையலாம். மேனுவல் சொல்லும் சோதனை எளிமையானது. நேரான எஃகுப் பட்டையை ஹெட்டின் அடிப்பரப்பில் நீளவாட்டிலும் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். சுசூகியின் இவ்வகை இன்ஜின்களுக்கு எல்லை 0.05 மில்லிமீட்டர். அதற்குள் இருந்தால் புதிய கேஸ்கெட் போட்டுப் பூட்டலாம். தாண்டினால் பரப்பைச் சமன்செய்ய வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் ஹெட்டை மாற்ற வேண்டும். மூன்று செலவுகளுக்கும் இடையே ஏணிவைத்தாலும் எட்டாத வித்தியாசம். எந்தச் செலவு என்று முடிவு செய்வதற்கு அந்த ஓர் எண் போதும்.

பூட்டும் முறையும் எண்ணுக்கு உட்பட்டது. ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, ஒரே தடவையில் முழுதாக இறுக்காமல் படிப்படியாக, டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும். அலுமினிய மரை வார்ப்பிரும்பைப் போல் பொறுக்காது, மிகையாக இறுக்கினால் த்ரெட் போய்விடும். பிந்தைய தலைமுறை இன்ஜின்களில் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு இறுக்கியபின் மேலும் 90 பாகை திருப்பு என்ற கட்டளை வந்தது. அந்த போல்ட்டுகள் இறுகும்போது சற்று நீள்வதற்கென்றே செய்யப்பட்டவை. ஆகவே மீண்டும் போடுவதற்கு முன் போல்ட்டையே அளந்து பார்க்கச் சொல்கிறது நூல். டொயோட்டாவின் படங்களில் சில பாகங்களின் அருகே கறுப்பு வைரக் குறி இருக்கும். கழற்றினால் மீண்டும் போடக்கூடாது என்பது அதன் பொருள்.

எதை மாற்ற வேண்டும் என்று சொல்லும் அதே அளவு அழுத்தத்தோடு, எதை மாற்ற வேண்டாம் என்றும் இந்த நூல்கள் சொல்கின்றன. சிற்றூர்ப் பட்டறைக்கும் அதன் வாடிக்கையாளருக்கும் இந்த இரண்டாவது செய்தி பெரிய காப்பு. ஒரு பாகத்தைத் தூக்கி எறிவதும் வைத்துக்கொள்வதும் விற்பவரின் விருப்பத்தாலோ பழுதுபார்ப்பவரின் அச்சத்தாலோ முடிவாகாமல், அளவால் முடிவாகிறது.

ஆழ்துளைக் கிணற்று நீரும் ரேடியேட்டரும்

தருமபுரியின் நிலத்தடி நீர் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது. ஃப்ளோரைடு மிகுதியால் மக்கள் பற்களும் எலும்புகளும் பாதிக்கப்பட்டதை அடுத்தே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பானின் கடனுதவியோடு நிறைவேற்றப்பட்டு 2013இல் தொடங்கிவைக்கப்பட்டது. அந்த நிலத்தடி நீர்தான் நெடுங்காலம் ரேடியேட்டர்களுக்கும் ஊற்றப்பட்டது. வார்ப்பிரும்பு இன்ஜினின் அகன்ற நீர்வழிகள் அதை ஓரளவு தாங்கின. அலுமினிய ஹெட்டின் குறுகிய நீர்வழிகளில் சுண்ணப்படிவு கட்டியது, உலோகமும் அரித்தது. தெர்மோஸ்டாட் சிக்கிக்கொண்டது. வண்டி ஹீட் அடித்தால் பல இடங்களில் தெர்மோஸ்டாட்டையே பிடுங்கிப் போட்டுவிடும் பழக்கமும் பரவியது.

மேனுவலின் குளிரூட்டல் பிரிவு இதற்கு நேரான விடை வைத்திருந்தது. எத்திலீன் கிளைக்கால் சேர்ந்த கூலன்ட், உப்பு நீக்கிய நீர், குறித்த காலத்தில் மாற்றம். உறைபனியே விழாத தருமபுரிக்கு எதற்கு உறைதடுப்பான் என்று அந்தப் பக்கத்தைக் கடந்துபோனவர்கள் ஏராளம். அந்தத் திரவம் கொதிநிலையை உயர்த்துகிறது, அரிப்பைத் தடுக்கிறது என்பதே இந்த ஊருக்கு வேண்டிய செய்தி. தெர்மோஸ்டாட்டைச் சோதிக்கும் முறையும் அதே பிரிவில் இருந்தது. அதை வெந்நீரில் போட்டு, எந்த வெப்பநிலையில் திறக்கிறது என்று பார்க்க வேண்டும். தெர்மோஸ்டாட் இல்லாத இன்ஜின் தன் சரியான சூட்டை எட்ட நேரமாகும். எரிபொருள் கூடுதலாகச் செலவாகும், தேய்மானமும் கூடும்.

பிரிந்துபோன நிறுவனங்கள், தங்கிய வண்டிகள்

1980களின் நடுவில் இலகுரக லாரிகளிலும் ஜப்பான் வந்தது. டிசிஎம் டொயோட்டா, ஆல்வின் நிசான், ஸ்வராஜ் மஸ்தா, ஐச்சர் மிட்சுபிஷி என நான்கு கூட்டு நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் தொடங்கின. தக்காளிக்கும் மாங்காய்க்கும் பெயர்பெற்ற பாலக்கோடு, கிருஷ்ணகிரிப் பகுதிகளில் இத்தகைய சிறு லாரிகளுக்கு வேலை நிறைய இருந்தது. ஆனால் கூட்டுகள் நிலைக்கவில்லை. ஆல்வின் நிசான் மகேந்திராவிடம் சென்றது. டிசிஎம், டொயோட்டாவை விட்டு 1990களின் நடுவில் தேவூவோடு சேர்ந்தது. ஸ்வராஜ் மஸ்தா 2011இல் எஸ்எம்எல் இசூசு ஆனது. ஐச்சர் 2008இல் வோல்வோவுடன் இணைந்தது.

நிறுவனம் கைமாறினாலும் வண்டி சாலையில்தான் இருந்தது. மேனுவலின் மறுபதிப்பு நின்றுபோன பிறகு, பட்டறையில் கிழிந்த நிலையில் இருக்கும் பழைய பிரதியே அந்த வண்டியின் ஒரே சான்று. இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1990களில் அம்பாசிடரில் 1,817 சிசி இசூசு பெட்ரோல் இன்ஜினைப் பொருத்தியபோது இன்னொரு சிக்கல் எழுந்தது. இன்ஜினுக்கு மில்லிமீட்டர், வண்டியின் மற்ற பகுதிக்கு அங்குலம். ஒரே காருக்கு இரண்டு நாட்டு நூல்களும் இரண்டு ஸ்பேனர் வரிசைகளும் தேவைப்பட்டன.

நூல் பயணப்பட்ட வழி

பட்டறை நூல் கடையில் விற்பனைக்கு வந்ததில்லை. நிறுவனம் அதைத் தன் அங்கீகரிக்கப்பட்ட டீலர்களுக்கு மட்டுமே கொடுத்தது. பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நிலைமை வேறு. ஜான் ஹேய்ன்ஸ் 1960இல் தொடங்கிய நிறுவனம் காரை முழுதாகக் கழற்றி மீண்டும் பூட்டி, அந்த அனுபவத்தைப் பொதுமக்களுக்கான நூலாக அச்சிட்டு விற்றது. டொயோட்டா, ஹோண்டா, நிசான் கார்களின் பல தலைமுறைகளுக்கு அத்தகைய நூல்கள் அங்குப் புத்தகக் கடையில் கிடைத்தன.

இங்கே நூலைவிட ஆட்களே அதிகம் பயணப்பட்டார்கள். சேலத்திலோ பெங்களூருவிலோ கம்பெனி சர்வீஸில் சில ஆண்டு வேலை பார்த்தவர் ஊருக்குத் திரும்பித் தனிப்பட்டறை போட்டார். டேப்பட் இடைவெளி, பிளக் இடைவெளி, டைமிங் பெல்ட் குறி, கியர் ஆயிலின் அளவு ஆகியவற்றை நெஞ்சில் கொண்டுவந்தார். சில பக்கங்கள் ஜெராக்ஸாக வந்தன. பெங்களூரு ஜே.சி. ரோட்டுக்கும் சென்னை புதுப்பேட்டைக்கும் உதிரிபாகம் வாங்கப் போனவர்கள் அளவுகளையும் கேட்டுவந்தார்கள். ஆங்கில நூலின் எண்கள் இப்படித் தமிழ்ப் பேச்சுக்குள் புகுந்தன. பழைய கார்புரேட்டர் மாருதியின் பிளக் இடைவெளியை மேனுவல் 0.7 முதல் 0.8 மில்லிமீட்டர் என்று எழுதியது, பட்டறையில் அதை எழுபது, எண்பது என்றார்கள். நூலைப் பார்த்திராத இளம் மெக்கானிக்கும் அந்த எண்ணை அறிந்திருந்தார்.

வாய்வழி வந்த அறிவுக்குப் பலவீனமும் உண்டு. எண் வந்துசேர்ந்தது, அந்த எண் எந்த மாடலுக்கு, இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதா சூடாக இருக்கும்போதா என்ற நிபந்தனை பல நேரம் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. மேனுவலில் எண்ணைவிட நிபந்தனைக்கே அதிக வரிகள் உண்டு.

தமிழில் அச்சான தொழில்நூல்கள் மற்றொரு வழியில் வந்தன. 1986இல் ஜெர்மனியின் உதவியோடு சென்னை கிண்டியில் தொடங்கிய மத்திய நிறுவனம் ஒன்று, இன்று தேசிய பயிற்று ஊடக நிறுவனம் என்ற பெயரில், ஐடிஐ பாடநூல்களைத் தமிழ் உள்ளிட்ட மொழிகளில் வெளியிடுகிறது. மோட்டார் வாகன மெக்கானிக், டீசல் மெக்கானிக் பிரிவுகளின் மாணவர்கள் ஃபீலர் கேஜையும் மைக்ரோமீட்டரையும் அவற்றின் வழியே கற்கிறார்கள். அந்நூல்கள் அளக்கும் முறையைச் சொல்லித்தரும். குறிப்பிட்ட காரின் எல்லை அளவு அவற்றில் இராது, அதற்கு நிறுவனத்தின் மேனுவலுக்கே போக வேண்டும்.

விளக்கு சிமிட்டிய தலைமுறை

1995இல் சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் கட்டாயமானது. 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுவதும் நிறுத்தப்பட்டது. புகைக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகியதும் கார்புரேட்டர் விடைபெற்றது. மாருதி 800, ஜென், எஸ்டீம் முதலியவை எம்பிஎஃப்ஐ எனப்படும் எரிபொருள் தெளிப்பு முறைக்கு மாறின. எரிபொருளின் அளவை ஒரு கணினிப் பெட்டி தீர்மானித்தது. காதால் கேட்டுத் திருகுவதற்கு ஸ்க்ரூவே இல்லாமல் போனது.

மேனுவலின் பருமன் இங்கேதான் பெருகியது. பழைய நூலில் பழுதறியும் பகுதி மூன்று பத்தியில் முடிந்துவிடும்: அறிகுறி, காரணம், தீர்வு. புதிய நூலில் ஒவ்வொரு சென்சாருக்கும் ஒரு படிவரிசை வந்தது. இந்த இணைப்பைக் கழற்று, இந்த இரு முனைகளுக்கிடையே வோல்ட் எவ்வளவு என்று பார், ஆம் எனில் இந்தப் படிக்குப் போ, இல்லை எனில் அந்தப் படிக்குப் போ.

அந்தத் தலைமுறையில் ஒரு நல்வாய்ப்பும் இருந்தது. கணினியின் குறைகுறிப்பைப் படிக்க விலையுயர்ந்த கருவி தேவைப்படவில்லை. சுசூகி வண்டிகளில் சோதனை இணைப்பின் குறிப்பிட்ட முனையை ஒரு சிறு கம்பியால் பூமியோடு இணைத்தால், டாஷ்போர்டில் செக் இன்ஜின் விளக்கு சிமிட்டும். ஒரு சிமிட்டல், சிறு இடைவெளி, இரண்டு சிமிட்டல் என்றால் 12. குறை எதுவும் பதிவாகவில்லை என்பது அதன் பொருள். டொயோட்டாவில் டிஇ1, இ1 என்ற இரு முனைகளை இணைத்தால் போதும். ஒரு துண்டுக் கம்பியும் மேனுவலின் ஒற்றைப் பக்கமும் இருந்தால், கிராமத்துப் பட்டறையும் கம்பெனி சர்வீஸும் இந்த ஓரிடத்தில் சமமாக நின்றன.

குவாலிஸ், இன்னோவா, கிரிஸ்டா

2000 ஜனவரியில் டொயோட்டா குவாலிஸ் விற்பனைக்கு வந்தது. 2005இல் அதன் இடத்தை இன்னோவாவும், 2016இல் இன்னோவாவின் இடத்தைக் கிரிஸ்டாவும் பிடித்தன. வாடகை வண்டித் தொழில் இவற்றை அரவணைத்துக்கொண்டது. மூன்றின் டீசல் மேனுவல்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் பதினாறு ஆண்டுகளில் பழுதுநீக்கும் தொழில் எவ்வளவு மாறியது என்பது தெரியும்.

குவாலிஸில் இருந்தது 2,446 சிசி 2எல் டீசல் இன்ஜின். சுழலும் பம்பு டீசலை அனுப்பும், இயந்திரமுறை இன்ஜெக்டர் தெளிக்கும். கருவிகளும் கைப்பக்குவமும் இருந்தால் சாலையோரத்திலேயே காற்றெடுத்து ஸ்டார்ட் செய்யலாம். இன்னோவாவின் 2,494 சிசி 2கேடி இன்ஜின் காமன் ரெயில் முறையில் இயங்கியது. குழாயில் டீசலின் அழுத்தம் ஆயிரம் பாருக்கும் மேல். ஓடும் இன்ஜினில் அந்தக் குழாயைத் தளர்த்தக் கூடாது, கசிவைக் கையால் தடவிப் பார்க்கக் கூடாது என்ற எச்சரிக்கைகள் நூலில் இடம்பெற்றன. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பல காமன் ரெயில் இன்ஜின்களில் புதிய இன்ஜெக்டரைப் பொருத்தினால் அதன் மேல் பொறித்த குறியீட்டை ஸ்கேனர் மூலம் கணினியில் பதிய வேண்டும். ஸ்பேனர் வேலை முடிந்தபின்னும் பழுதுநீக்கம் முடியாத காலம் அங்கே தொடங்கியது. குவாலிஸ், இன்னோவா இரண்டிலும் டைமிங் பெல்ட், குறித்த கிலோமீட்டரில் மாற்றியே ஆக வேண்டும். கிரிஸ்டாவின் 2.4 லிட்டர் இன்ஜினில் டைமிங் செயின். மாருதியிலும் 2008இல் தொடங்கிய கே வரிசை இன்ஜின்கள் இதே மாற்றத்தைக் கொண்டுவந்தன. பழைய பழக்கத்தில் பெல்ட் மாற்றும் தேதி கேட்பதும், செயின் வண்டியின் ஆயிலைத் தாமதமாக மாற்றுவதும் இரண்டுமே பிழை. ஆயில் கெட்டால் செயினும் அதன் டென்ஷனரும் தேயும்.

தலைமுறை மாறினாலும் மாறாத பக்கங்கள் உண்டு. பிரேக் திரவம் அவற்றில் ஒன்று. தருமபுரியிலிருந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர் கணவாய் விபத்துகளால் துயரப் பெயர் பெற்றது. நீண்ட இறக்கத்தில் பிரேக்கை விடாமல் மிதித்தால் டிஸ்க்கின் சூடு திரவத்துக்கு ஏறும். டாட் 3 வகைத் திரவம் புதிதாக இருக்கையில் 205 பாகை செல்சியஸ்வரையாவது கொதிக்காது. காற்றிலுள்ள ஈரத்தை அது உறிஞ்சிக்கொள்ளும், ஈரமேறியபின் தரவிதி கேட்கும் குறைந்தபட்சக் கொதிநிலை 140 பாகைதான். கொதித்தால் குழாயில் ஆவி உண்டாகி பெடல் அடிவரை போய்விடும். தேய்மானமே தெரியாத திரவத்தைக் காலக்கணக்கில் மாற்று என்று மேனுவல் வற்புறுத்துவதற்கும், இறக்கத்தில் கியரைக் குறைத்து இன்ஜினாலேயே வேகத்தைக் கட்டுப்படுத்து என்று உரிமையாளர் புத்தகம் சொல்வதற்கும் காரணம் இதுவே.

நூல் யாருக்கு உரியது

பதினாறு முனை கொண்ட ஓபிடி என்ற பழுதறியும் இணைப்பு பொதுவானதும் சிமிட்டும் விளக்கின் காலம் முடிந்தது. பி0300 என்றால் சிலிண்டர்களில் மிஸ்ஸிங், பி0171 என்றால் எரிபொருள் குறைந்த கலவை என்று குறியீடுகள் எல்லா நிறுவனங்களுக்கும் ஒன்றாயின. மலிவான ஸ்கேனர்கள் சிற்றூர்களுக்கும் வந்தன. ஆனால் குறியீடு பழுதின் இடத்தைத்தான் காட்டும். அடுத்த படிகள் மேனுவலில் இருந்தன, மேனுவலோ அச்சிலிருந்து குறுந்தகட்டுக்கும் பின்னர் கடவுச்சொல் கேட்கும் இணையக் களஞ்சியத்துக்கும் நகர்ந்தது. ஜெராக்ஸ் எடுக்கக்கூடப் பக்கம் இல்லாமல் போனது.

நூல் யாருக்கு உரியது என்ற கேள்வி சட்டத்தின் முன் வந்தது 2011இல். ஒரு கார் உரிமையாளரின் புகாரை விசாரித்த இந்தியப் போட்டி ஆணையம், 2014 ஆகஸ்ட் 25 அன்று 14 கார் நிறுவனங்களுக்கு மொத்தம் 2,544.65 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மாருதி சுசூகி, டொயோட்டா, ஹோண்டா, நிசான் ஆகியவையும் அப்பட்டியலில் இருந்தன. உதிரிபாகங்களையும் தொழில்நுட்ப மேனுவல்களையும் பழுதறியும் கருவிகளையும் தனிப்பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்தது போட்டியைக் கெடுக்கிறது என்பது ஆணையத்தின் முடிவு. வெளியே பழுது பார்த்த ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது என்றும் அது சொன்னது. அறிவுசார் சொத்துரிமையையும் பாதுகாப்பையும் காட்டி நிறுவனங்கள் வாதிட்டன, மேல்முறையீட்டுக்கும் சென்றன. 2016இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் தன்முன் வந்த நிறுவனங்களின் குற்றத்தை உறுதிசெய்து, அபராதத்தைக் குறைத்தது. 2022இல் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை பழுதுநீக்கும் உரிமைக்கான குழுவை அமைத்து, ஆண்டிறுதியில் ஓர் இணையதளத்தையும் தொடங்கியது. அது எடுத்துக்கொண்ட துறைகளில் வாகனமும் ஒன்று. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007ஆம் ஆண்டின் விதியும், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2012இல் மக்கள் வாக்கால் வந்த சட்டமும், பட்டறைத் தகவலைத் தனிப்பட்டறைகளுக்கும் தர வேண்டும் என்று முன்னரே வகுத்திருந்தன.

ஆரஞ்சு நிறக் கம்பிகள்

2022இல் டொயோட்டா ஹைரைடர், மாருதி கிராண்ட் விட்டாரா, இன்னோவா ஹைகிராஸ் ஆகியவற்றோடு ஹைபிரிட் முறை நடுத்தரக் குடும்பங்களின் எல்லைக்குள் வந்தது. மூன்றின் தயாரிப்பும் பிடதியில் தொடங்கியது. இந்தத் தலைமுறையின் மேனுவல் உயிர்காக்கும் எச்சரிக்கையோடு தொடங்குகிறது. உயர்மின் கம்பிகள் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். அவற்றைத் தொடுமுன் வண்டியை அணைக்க வேண்டும், மின்காப்புக் கையுறை அணிந்து சர்வீஸ் பிளக்கைப் பிடுங்கித் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்சாரம் வடிய 10 நிமிடம் காத்திருந்து, மீட்டரால் சரிபார்க்க வேண்டும். இதுவரை எந்தத் தலைமுறையிலும் நிபந்தனை வழியில் உதிர்ந்துபோனால் நட்டம் இன்ஜினுக்கு. இங்கே நட்டம் ஆளுக்கு.

ஆகவே வாய்வழியாக எண் மட்டும் பயணப்பட்ட பழைய ஏற்பாடு இனிச் செல்லாது. பாதுகாப்புப் படிகளும் எல்லை அளவுகளும் மெக்கானிக் படிக்கும் மொழியில், அவர் எட்டும் விலையில் கிடைக்க வேண்டும். தமிழில் ஐடிஐ நூல்களை எழுதிய கைகள் இருக்கின்றன. அளவின் மதிப்பறிந்த பட்டறைகள் நெடுஞ்சாலை நெடுக இருக்கின்றன. நாற்பதாண்டுகளில் ஜப்பானிய மேனுவல்கள் இங்குக் கொண்டுவந்த பெருங்கொடை, எது போதும், எது போதாது என்று உறுதியாகச் சொல்லும் எல்லைக்கோடு. பழுதுநீக்கும் உரிமை முழுமை பெறுவது, அந்தக் கோடு வரையப்பட்ட பக்கம் அங்கீகாரப் பலகை இல்லாத பட்டறைக்கும் தமிழில் திறக்கும்போதுதான்.